அலமேலு என்று யாரும் இல்லை

என் பெரியம்மா உயிரோடு இருந்தார். அப்படி ஒருவர் இல்லவே இல்லை என்று என் அம்மாவிடம் சொன்னவள் நான்!

நீங்கள் என்னை எப்படி வேண்டுமானாலும் ஏசுங்கள். ஆனால் முழுவதும் கேட்டுவிட்டு ஏசுங்கள்...

அம்மாவின் அக்காள் அலமேலு. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போன இடத்தில், வேறு சாதி, வேறு மதத்தைச் சேர்ந்த ஒருவரை மணந்துகொண்டு போய்விட்டார். அதன்பிறகு தாத்தா அந்தப் பெயரை வீட்டில் உச்சரிக்கவே விடவில்லை.

சிறுநீரகம் கெட்டுப் படுக்கையில் விழுந்த பிறகு அம்மாவுக்கு அதே பேச்சு. "எங்க அக்காவ ஒருதபா பாத்துட்டா போதும்டி. எங்க கீறான்னு தேடிக்கினு வா."

தேடினேன். அவரோடு வேலை பார்த்த ஒரு மூதாட்டி, மீஞ்சூர்ப் பக்கம் ஒரு தேவாலயத்தைச் சொன்னார். அங்கிருந்த போதகர் பழைய திருமணப் பதிவேட்டைப் புரட்டினார். 'ஸ்டெல்லா, முன்பெயர் அலமேலு.' தகப்பன் பெயர் என்ற இடத்தில் தாத்தாவின் பெயர்!

வீட்டைக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டினேன். திறந்தவருக்கு அம்மாவின் அதே மூக்கு, அதே நெற்றி... நான் யாரென்று சொன்னதும் என் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"சரோஜா பொண்ணா நீ? எங்கூட்டத் தேடிக்கினு வந்தியாம்மா! அவ எப்டி கீறா? இப்பவே வரேன், இட்டுக்கினு போ."

"நானே வந்து கூட்டிக்கினு போறேன் பெரிம்மா" என்றேன். என் தொலைபேசி எண்ணைக் கொடுத்தேன். அதுவரை என் மனத்தில் கள்ளம் இல்லை. நம்புங்கள்!

திரும்பும் ரயிலில்தான் அந்தப் பயம் வந்தது. என் மகளுக்கு ஆர்.கே.பேட்டையில் சம்பந்தம் பேசி முடித்திருந்தோம். "உங்க சொந்தத்துல யாராச்சும் சாதி மாறிக் கட்டிக்கினு போயிருக்காங்களா?" என்று மாப்பிள்ளையின் தாயார் கேட்டபோது, இல்லை என்று சொல்லியிருந்தேன். பெரியம்மா வந்து நின்றால்?

வீட்டில் அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். "இன்னாடி ஆச்சு?"

"அங்க அலமேலுன்னு யாரும் இல்லம்மா."

பொய்யா அது? அந்தப் பெயரில் அங்கே யாரும் இல்லைதானே? எத்தனை முறை இப்படி எனக்கு நானே வாதாடியிருக்கிறேன்... தன் வாழ்க்கைக்காகப் பெரியம்மா சூடிய புதுப் பெயரை என் கோழைத்தனத்துக்குத் திரையாக்கினேன்!

"நல்லா விசாரிச்சியா?" என்று மட்டும் அம்மா கேட்டாள். தலையாட்டினேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பிறகு அக்காள் பேச்சையே எடுக்கவில்லை.

கல்யாணம் முடிந்ததும் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். கல்யாணமும் முடிந்தது. அதன்பிறகு அம்மா ஆறு நாள் உயிரோடிருந்தாள். ஆறு நாளும் வேளாவேளைக்குக் கஞ்சி கொடுத்தேன். சொல்லவில்லை. சம்பந்தி வீட்டின் மீதான பயம் போய், அம்மாவின் முகத்தைப் பார்க்கும் பயம் வந்திருந்தது.

பெரியம்மாவிடமோ, அம்மாவுக்கு நோய்த்தொற்று வந்துவிடும், யாரும் பார்க்கக் கூடாதென்று மருத்துவர் சொன்னதாகச் சொல்லிவைத்திருந்தேன். தங்கை இறந்ததை இன்றுவரை சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வேன்?

ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் அழைக்கிறார். போன வாரமும் அழைத்தார்.

"சரோஜாகிட்ட குடும்மா. கொரலயாச்சும் கேட்டுக்கிறேன்."

"தூங்குறாங்க பெரிம்மா" என்றேன்.

"ஐயோ, எழுப்பாத கண்ணு... தூங்கட்டும்" என்றார்.