துணி வைத்த ஃப்ரிட்ஜ்

ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடையில் அவளுக்கு ஸ்பாஞ்சு என்று பெயர். பழைய பெட்டிகளின் அழுக்கைத் தேய்த்துக் கழுவுவதுதான் வேலை. ஸ்க்ரூடிரைவரைத் தொட்டால் போதும், முதலாளி வள்ளென்று விழுவார். “சர்டிபிகேட் வாங்கிட்டு வந்து தொடு.” சரி, வாங்கித்தான் பார்ப்போமே என்று தொழிற்கல்லூரியில் இடமும் பிடித்துவிட்டாள். ஃபீஸுக்கு எங்கே போவது? அப்பா அம்மா போனபின் அண்ணன் வீட்டில்தான் வாசம். சம்பளம் மொத்தமும் அண்ணியின் கைக்குப் போய்விடும்.

அலையாய் அலைந்ததில் ஓர் அறக்கட்டளை ஃபீஸ் கட்ட முன்வந்தது. ஆனால் முதலில் ஆள் அனுப்பி வீட்டைப் பார்ப்பார்களாம். வந்தது வினை.

“கண்டவன் வந்து நம்ம தரித்திரத்தை எழுதிட்டுப் போவானா? என் மானம் என்ன ஆகறது?” என்று அண்ணி நாளெல்லாம் கரித்துக்கொட்டினாள். பிறகு திடீரென்று வாயே திறக்கவில்லை. அப்போதே ஸ்பாஞ்சு சுதாரித்திருக்க வேண்டும்.

ஆள் வரும் நாளில் கடையில் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கி ஓடி வந்தால், முன்னறையில் பக்கத்து வீட்டு சோபா. மாடி வீட்டு டிவி. எப்போதோ செத்துப்போன ஃப்ரிட்ஜுக்குப் புதுத் துணி போர்த்தி, மேலே பிளாஸ்டிக் பூ வேறு. அறக்கட்டளை ஆய்வாளர் சோபாவில் புதைந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“எங்களுக்கு என்ன சார் குறை? இவளுக்குத்தான் சும்மா கிடைச்சா எதையும் விட மனசு வராது,” என்றாள் அண்ணி.

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூடப்பிறந்தவனாம், தூ.

ஆய்வாளர் எழுதிவிட்டுப் பேனாவை மூடினார். “வசதியான வீடுதானேம்மா. இது இல்லாதவங்களுக்கு.”

ஸ்பாஞ்சுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே போய் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். திணித்து வைத்திருந்த அண்ணியின் நைட்டிகளும் அண்ணனின் ஓட்டை பனியன்களும் பொலபொலவென்று அவர் காலடியில் விழுந்தன.

“இதுதான் சார் எங்க பீரோ. சோபா பக்கத்து வீட்டோடது, டிவி மாடி வீட்டோடது. வேணும்னா போய்க் கேட்டுக்கோங்க.”

அண்ணி விறுவிறுவென்று உள்ளே போனாள், ஸ்பாஞ்சின் துணிமணிகளை ஒரு பையில் அடைத்து வாசலில் வீசினாள். “நன்றி கெட்டவளே, போ. இனிமே இந்தப் படி ஏறினா காலை ஒடிச்சுடுவேன்.”

அண்ணன் எழுந்தான். தடுக்கத்தான் போகிறான் என்று ஸ்பாஞ்சு நினைத்தாள். அவளுடைய செருப்பை எடுத்துப் பையின் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

ஆய்வாளர் எழுதியதை அடித்துவிட்டு மாற்றி எழுதினார். வாசலில் ஷூ மாட்டிக்கொண்டே, “உங்களுக்குக் கிடைச்சுடும்மா. லெட்டர் தபால்ல வரும்,” என்றவர், கீழே கிடந்த பையைப் பார்த்துத் தயங்கினார். “எந்த அட்ரஸுக்கு அனுப்பறது?”

“காலேஜ் அட்ரஸே போட்டுக்கோங்க சார். வேற எதுவும் இல்லை.”