பாதுஷா நின்ற இடம்

எனக்கும் குதிரைக்கும் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேரன்மாதேவியில் ஸ்டுடியோ வைத்துக் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிற ஜாஸ்பருக்குக் குதிரையோடு என்ன பகை என்று கேட்பீர்கள். பத்தமடையில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலத்தை எடுத்துப் பார்த்திருந்தால் கேட்க மாட்டீர்கள். இனி எடுத்துப் பார்க்கவும் வழியில்லை. அந்தக் குதிரை பங்குனி வெயிலில் செத்துப்போனது. செய்தி கேட்டதும் நான் அழுதேன். இதையும் நானே சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது கை கால் வைத்துச் சொல்வதற்கு முன்னால்.

குதிரையின் பெயர் பாதுஷா. பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம், அது மட்டக்குதிரை. நடுத்தர உயரமுள்ள மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தால் செருப்பு தரையிலிருந்து ஒரு முழம் மேலே இருக்கும். நெட்டை மாப்பிள்ளை என்றால் அதுவும் கிடையாது. ஒருமுறை மேலத்தெருவில் அப்படி ஒரு நெட்டை மாப்பிள்ளை கால் மரத்துப்போய்விட்டது என்று கொஞ்சம் எழுந்து நின்றார். பாதுஷா அவர் கால்களுக்கு நடுவிலிருந்து பைய நடந்து வெளியே போய்விட்டது. முகத்தில் தொங்கிய மல்லிகைச் சரத்தால் அவருக்கு எதுவும் தெரியவில்லை. நடுத்தெருவில் காலை அகட்டிக்கொண்டு, ராஜா மாதிரி நின்றார். குதிரை அதுபாட்டுக்குப் பள்ளிவாசல் முனையைத் தாண்டிவிட்டது.

பாதுஷாவின் சொந்தக்காரர் பீர் மைதீன். சேரன்மாதேவி ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். ஆனால் யாராவது "பஞ்சர் கடை பீர் மைதீன்" என்றால் அவருக்கு மூக்கு விடைக்கும். "குதிரைக்கார பீர் மைதீன்னு சொல்லும் வே" என்பார். பொட்டல்புதூர் தர்கா கந்தூரியில் பிள்ளைகளை ஏற்றி நாலு சுற்று சுற்றுவதும், கல்யாணங்களில் மாப்பிள்ளைகளை ஏற்றுவதும்தான் அவருக்குத் தொழில். டியூப் ஒட்டுவது சோற்றுக்கு. பாதுஷா அரபிக் குதிரை வம்சம் என்று வேறு சத்தியம் செய்வார். அரபு நாட்டுக்கும் அதற்கும் உள்ள சம்பந்தம், கல்ஃபிலிருந்து வந்த மாப்பிள்ளைகளின் அத்தர் வாசனை ஒன்றுதான். நிறம் வெள்ளை என்பார். என் கேமராவில் அது டீ கொட்டிய வேட்டியின் நிறமாகத்தான் விழுந்தது.

மகள் ஸமீஹா பிறந்த வருஷம்தான் குதிரையை வாங்கினார். தொட்டிலில் கிடந்த பிள்ளையையும் வாசலில் நின்ற குட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இவ மாப்பிள்ளை இவன் மேலதான் ஏறி வருவான்" என்று தெருவே கேட்கச் சொன்னாராம். நெல் அளக்கிற மாதிரி அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்ப அளந்துகொண்டே இருந்தார். பஞ்சர் ஒட்ட வந்தவர்களெல்லாம் காற்றோடு சேர்த்து அதையும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

இனி என் பகைக்கு வருகிறேன். ஊர்வலப் பாதையில் ஜுபைதா பீவியின் வீடு இருக்கிறது. பாய் நெய்கிறவர். பீர் மைதீனைவிட மூத்தவர், அவரை ஊரில் "ஏலே" போட்டுக் கூப்பிடுகிற ஒரே ஆள். பாதுஷா தன் முதல் ஊர்வலத்தில் அந்த வீட்டு வாசலில் மிரண்டு நின்றது. தள்ளினார்கள், கெஞ்சினார்கள், நகரவில்லை. ஜுபைதா பீவி உள்ளே போய் ஒரு துண்டு கருப்பட்டி எடுத்துவந்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். தின்றது, தலையை இரண்டு தடவை ஆட்டியது, நடந்தது. அவ்வளவுதான், அன்றோடு ஊர் கெட்டது. அதன் பிறகு எந்த மாப்பிள்ளையைச் சுமந்து வந்தாலும், கருப்பட்டி வராமல் பாதுஷா அந்த வாசலைத் தாண்டியதில்லை. தப்ஸ் மேளம் அடிப்பவர்கள் அடித்துக்கொண்டே இருப்பார்கள், மாப்பிள்ளைக்கு வேர்த்து ஊற்றும், நான் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு நின்ற குதிரையையே படம் எடுத்துக்கொண்டிருப்பேன்.

சரி, வீட்டுக்குப் போய் அந்தப் பகுதியை வெட்டிவிடலாம் என்று பார்த்தால் அதற்கும் வழியில்லை. ஒரு வீட்டுக்கு வெட்டிக் கொடுத்தேன். மாப்பிள்ளையின் உம்மா ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டார். "ஜுபைதா வீட்டு முன்னால நின்னது எங்க தம்பி? எல்லா வீட்டு வீடியோவுலயும் இருக்கு, எம்புள்ளைக்கு மட்டும் இல்லையா?" என்று கேட்டார். குதிரைக்கு வந்த ஆசை ஊருக்கு வழக்கமாகிவிட்டது. நாகர்கோவிலிலிருந்து வந்த ஒரு சம்பந்தி, இது ஏதோ பெரியவர் அடங்கிய இடம் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார். அதையும் நான்தான் எடுத்தேன்.

இதில் சண்டை எங்கே வந்தது என்றால், ஒரு கல்யாணப் பாயில் வந்தது. பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் சேர்த்து நெய்த பாய். ஜுபைதா பீவி அதை முடித்து முற்றத்தில் காயப் போட்டிருந்தார். கட்டு அவிழ்ந்து சுற்றிய பாதுஷா வந்து பார்த்தது. பெண்ணின் பெயரைத் தொடவில்லை. மாப்பிள்ளையின் பெயரை மட்டும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை தின்றுவிட்டது.

"ஏலே பீரு! மாப்பிள்ளையத் தின்னுட்டுல்லா நிக்கான் ஒங் குதிர! நாளைக்குக் கல்யாண வீட்டுல வந்து கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்?"

அப்போது பீர் மைதீன் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். மனிதருக்கு அந்தப் பழக்கம் இல்லை. "ராத்தா, எம் பாதுஷா கண்ட பாயையும் திங்க மாட்டான். நல்ல பாயாப் பாத்துத்தான் திம்பான்" என்றார். பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னார். ஜுபைதா பீவி உலக்கையைத் தேடினார்.

அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. ஆனால் கருப்பட்டி நிற்கவில்லை. "அது வாயில்லாச் சீவன். அதுகூட எனக்கு என்ன வழக்கு?" என்று ஜுபைதா பீவி சொல்லிவிட்டார். ஊர்வலம் வந்ததும் வெளியே வருவார். பீர் மைதீன் வானத்தைப் பார்ப்பார். அதன் பிறகு நடப்பதுதான் கூத்து.

"பாதுஷா, ஒன் மொதலாளி சட்டையில பொத்தான் மாத்திப் போட்டிருக்கான்னு சொல்லு."

"பாதுஷா, கருப்பட்டி வரவரச் சின்னதாகுதுன்னு சொல்லு."

"பாதுஷா, இவன் பொஞ்சாதிக்கு மூட்டுவலின்னு கேள்விப்பட்டேன். எண்ணெய் காய்ச்சி வச்சிருக்கேன், ஆள அனுப்பச் சொல்லு."

"பாதுஷா, அனுப்புதேன்னு சொல்லு."

குதிரை மென்றுகொண்டே இருக்கும். மேலே உட்கார்ந்திருக்கிற மாப்பிள்ளை, தன் கல்யாணத்தில் தன்னை யாருமே கவனிக்கவில்லையே என்று சரத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பார். வருஷக் கணக்காக அந்த இரண்டு குடும்பத்தின் நல்லது கெட்டதெல்லாம் இப்படித்தான் குதிரை வாய் வழியாகப் போய்வந்தது.

ஸமீஹாவுக்கு மாப்பிள்ளை அமைந்தது. அதே ஊர், பக்கத்துத் தெரு, சல்மான் ஃபாரிஸ், ஷார்ஜாவில் வேலை. ஒரு மாத லீவில் வருகிறான், வைகாசியில் கல்யாணம். பீர் மைதீன் சேணத்துக்குப் புது ஜரிகை வாங்கினார், குளம்புக்கு எண்ணெய் போட்டார், குதிரைக்குக் கொள்ளை அவித்து நெய் விட்டுக் கொடுத்தார். கிழட்டுக் குதிரைக்கு நெய் எதற்கு என்று மனைவி கேட்டதற்கு, "அவனும் மாப்பிள்ளைதான்" என்றார். அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்தும், பங்குனியில் ஒரு காலை பாதுஷா படுத்தது, எழவில்லை. வயது ஆகிவிட்டது, வேறொன்றுமில்லை. கன்னடியன் கால்வாய்க்கு அந்தப் பக்கம் மச்சினன் வாழைத் தோட்டத்தில் புதைத்தார்கள். போனவர்களில் பாதிப்பேர் அதன் மேல் ஏறி நிக்காஹ் செய்துகொண்டவர்கள். காலை அகட்டி நின்ற அந்த நெட்டை மாப்பிள்ளையும் மண்வெட்டி பிடித்தார்.

பீர் மைதீன் கடையை மூடினார். ஊரார் மாப்பிள்ளையை எல்லாம் குதிரையில் ஏற்றியவர், சொந்த மருமகனை ஏற்ற வழியில்லாமல் உட்கார்ந்திருந்தார். பார்க்கப் பொறுக்காமல் நான்தான் திருநெல்வேலியிலிருந்து பேச்சிராஜை வரவழைத்தேன். அவரிடம் பெரிய வெள்ளைக் குதிரை இருக்கிறது, கால் தூக்கி ஆடும். பீர் மைதீன் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்.

"இது குதிர இல்ல வே. மாடிப்படி."

"அண்ணாச்சி, நல்லா ஆடும்" என்றார் பேச்சிராஜ்.

"எம் மருமவன் கல்யாணத்துக்கு வாரான், குலுங்க வரல. கொண்டு போரும்."

சல்மான் ஃபாரிஸுக்கு இதில் பெரிய நிம்மதி. பிறகுதான் தெரிந்தது, அவனுக்குக் கன்றுக்குட்டியைக் கண்டாலே பயம். "மாமா, நான் நடந்துகூட வாரேன். கார்லயே வந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்" என்று பணிவாகச் சொன்னான். கார் என்று முடிவாயிற்று.

கல்யாண நாள் சாயங்காலம், அஸர் தொழுகை முடிந்து ஊர்வலம் கிளம்பியது. பெண்ணின் வாப்பா மண்டபத்தில் நின்று மாப்பிள்ளையை வரவேற்க வேண்டும். அதுதான் முறை. நான் மாப்பிள்ளை வீட்டு முன்னால் கேமராவைத் திறந்தால், பெண்ணின் வாப்பா காருக்கு முன்னால் குனிந்துகொண்டிருந்தார். பாதுஷாவின் கயிற்றை எடுத்துவந்து கார் பம்பரில் கட்டிக்கொண்டிருந்தார்.

டிரைவர் வெளியூர்க்காரர், பாவம். "என்ன அண்ணாச்சி செய்யுதீரு?" என்று தலையை நீட்டினார்.

"நீரு ஸ்டீரிங்கப் பிடியும். நான் கயித்தப் பிடிக்கேன்."

"அப்ப யாரு ஓட்டுதது?"

"எப்பவும் ஓட்டுதவன்தான் ஓட்டுதேன். பைய வாரும்."

கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். கார் பின்னால் ஊர்ந்தது. திருப்பத்தில் பழக்க தோஷத்தில் பானட்டைத் தட்டிக்கொடுத்தார். மண்டபத்திலிருந்து அவர் மனைவி எனக்குப் போன் மேல் போன். "அந்த மனுசன அனுப்புங்க தம்பி, இங்க வரவேற்க ஆளில்ல!" முதல் போனுக்குப் பிறகு நான் எடுக்கவில்லை. கையில் கேமரா.

ஜுபைதா பீவி வீட்டு வாசல் வந்தது. கார் நிற்கக் காரணமே இல்லை. பெட்ரோல் போட்ட வண்டிக்குக் கருப்பட்டி எதற்கு? ஆனால் தப்ஸ் அடிப்பவர்கள் நின்றார்கள். அவர்கள் கால் நின்று பழகிவிட்டது. பின்னால் வந்த கூட்டமும் நின்றது. பீர் மைதீன் நின்றார், வழக்கம்போல வானத்தைப் பார்த்தார். என் கேமராவும் தானாக அந்த வாசல் பக்கம் திரும்பியது. டிரைவர் மட்டும் ஹாரன் அடித்தார். நாலு பேர் சேர்ந்து முறைத்ததும் நிறுத்திவிட்டார்.

கதவு திறந்தது. ஜுபைதா பீவி வெளியே வந்தார். ஒரு கையில் கருப்பட்டி, மறு கக்கத்தில் சுருட்டிய பாய். பாதுஷா செத்துப்போனது அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் தப்ஸ் சத்தம் கேட்டதும் கை தானாகக் கருப்பட்டிப் பானைக்குள் போய்விட்டது என்று பிறகு என்னிடம் சொன்னார். வெளியே வந்தவர் காரைப் பார்த்தார். முன்னால் போனார், விளக்கைப் பார்த்தார், பானட்டைப் பார்த்தார். எங்கேயும் வாய் இல்லை. கருப்பட்டியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். யார் மூலமாகப் பேசுவது என்றும் அவருக்குத் தெரியவில்லை. எனக்கு வந்தது சிரிப்பா அழுகையா என்று எனக்கே விளங்கவில்லை.

கடைசியில் அவர் திரும்பி, உள்ளங்கையைப் பீர் மைதீன் வாய்க்கு நேராக நீட்டினார்.

"ஏலே பீரு. நீயாவது தின்னு. திங்காம இந்த ஊர்வலம் நகராதுலே."

பீர் மைதீன் வானத்திலிருந்து கண்ணை இறக்கினார். இரண்டு கையிலும் கயிறு. அதனால் குனிந்து, கையைத் தொடாமல், வாயாலேயே கருப்பட்டியை எடுத்துக் கடித்தார். மென்றார். பிறகு தலையை இரண்டு தடவை ஆட்டினார். தெருவே சிரித்தது. சல்மான் ஃபாரிஸ் காருக்குள் சரத்தை விலக்கிவிட்டு வாய்விட்டுச் சிரித்தான்.

"ராத்தா, கருப்பட்டி சின்னதா இருக்கு" என்றார் பீர் மைதீன். நடுவில் குதிரை இல்லாமல், நேராக.

"ஒனக்கு இது போதும்" என்று சொல்லிவிட்டு, ஜுபைதா பீவி கக்கத்திலிருந்த பாயை எடுத்து பானட்டின் மேல் விரித்தார். கல்யாணப் பாய். ஒரு பக்கம் ஸமீஹா, இன்னொரு பக்கம் சல்மான் ஃபாரிஸ். பெயர்கள் இரண்டும் முழுசாக இருந்தன.

"ஒம் மவளுக்கு நெய்தது. தைரியமா முத்தத்துல காயப் போடச் சொல்லு. இனிமே மாப்பிள்ள பேரத் திங்க ஆளில்ல."

பீர் மைதீன் அந்த எழுத்துகளைத் தடவிப் பார்த்தார். அப்புறம் கயிற்றை முகத்தில் வைத்துக்கொண்டு சத்தமாக அழுதார். பங்குனியில் தோட்டத்தில்கூட அவர் இப்படி அழவில்லை.

"சரி சரி, அழாதலே. மாப்பிள்ளைக்கு வேர்க்குது, வண்டிய எடு."

"நீங்களும் மண்டபத்துக்கு வரணும் ராத்தா."

"வராம? நீ இங்கன நிக்க. அங்கன மாப்பிள்ளைய வரவேற்க யாரு இருக்கா?"

பாயைச் சுருட்டி மருமகன் மடியில் வைத்தார் பீர் மைதீன். ஜுபைதா பீவி கதவைப் பூட்டிவிட்டு வந்து அவருக்குப் பக்கத்தில் நடக்கத் தயாராக நின்றார். தப்ஸ் மறுபடி ஒலித்தது. பீர் மைதீன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கயிற்றைச் சுண்டி, காரைப் பார்த்துச் சொன்னார்.

"நட பாதுஷா."

டிரைவர் கியரைப் போட்டார்.