வெட்டுப்பட்ட நர்ஸ்

படப்பிடிப்பு வட்டாரத்தில் அவளைப் ‘பக்கத்து வீட்டக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். கதாநாயகி கோபத்தில் பாத்திரத்தைப் போட்டு உடைத்தால், கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, “என்னம்மா சத்தம்?” என்று கேட்டுவிட்டு மறைகிறவள் அவள்தான். அதற்குமேல் எந்த வீட்டுக்குள்ளும் அவளை விட்டதில்லை.

டாக்டர் வேடத்துக்குப் போனால், “பார்த்தா நோயாளி மாதிரி இருக்கீங்க” என்பார்கள். நோயாளி வேடத்துக்குப் போனால், “இவ்வளவு தெம்பா இருக்கீங்களே” என்பார்கள். ஒருத்தர், “அருமையா பண்ணீங்க, ஆனா வேணாம்” என்று கும்பிட்டு அனுப்பினார். அவள் இதற்கெல்லாம் ஒரு வைத்தியம் வைத்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் கைப்பையை வீசிவிட்டு, அன்றைக்கு யார் வேண்டாம் என்றாரோ அவரைப் போலவே நடித்துக் காட்டுவாள். அவர் மூக்கை உறிஞ்சுவது, பேனாவால் காது குடைவது, ஒன்று விடாமல். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் கணவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். மாமியார் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிற்பாள்.

அப்படி இருந்தவளுக்கு ஒரு படத்தில் நர்ஸ் வேடம் வந்தது. வெறும் நர்ஸ் இல்லை. அம்மா இறந்துவிட்டாள் என்று கதாநாயகனிடம் சொல்லி, தானும் கலங்குகிற நர்ஸ். ஒரு பக்க வசனம். எடுத்து முடித்ததும் விளக்குப் பிடித்தவர்கள்கூடக் கை தட்டினார்கள். அவள் அதைத் தெருவெல்லாம் சொல்லித் தீர்த்தாள்.

படம் வெளியான அன்று குடும்பமே தியேட்டரில் ஒரு வரிசையை அடைத்து உட்கார்ந்தது. ஆஸ்பத்திரிக் காட்சி வந்தது. வெள்ளைக் கதவு திறந்தது. ஒரு தட்டு, அதைப் பிடித்த ஒரு கை, முழங்கை வரைக்கும். அவ்வளவுதான். அடுத்த நொடி கதாநாயகன் தரையில் புரண்டு அழுதுகொண்டிருந்தான்.

மாமியார் குனிந்து கேட்டாள். “நீ இடைவேளைக்கு அப்புறமா வருவ?”

“வந்துட்டேன் அத்தை. அந்த முழங்கை நான்தான்.”

மாமியார் கொஞ்சம் யோசித்தாள். “அப்பவே நினைச்சேன், எங்கேயோ பார்த்த முழங்கையா இருக்கேன்னு.”

வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு கழிவறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மறுநாள் அவள் யாரைப் போலவும் நடிக்கவில்லை. மூலையில் சுருண்டு கிடந்தாள். கணவனுக்கு அதுதான் பயமாக இருந்தது.

“என்ன, இன்னைக்கு ஆட்டம் இல்லையா?”

“ஆடறதுக்கு ஒரு மூஞ்சி வேணும்ல? என்னை யாரு வெட்டினாங்கன்னே தெரியலையே.”

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. உடனே எழுந்து முகம் கழுவிக்கொண்டு, படத்தொகுப்பாளரின் அறைக்குக் கிளம்பினாள்.

அது ஜன்னல் இல்லாத, சில்லென்ற அறை. தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு ஒரு மனிதர் திரைக்கு முன்னால் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்.

“என்னை வெட்டினது நீங்கதானே? நர்ஸ்.”

அவர் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். பிடரியைத் தடவினார். கண்ணைத் தாழ்த்தி, தணிந்த குரலில் சொன்னார்: “உண்மையைச் சொல்லட்டுமாம்மா? நீங்க ரொம்ப நல்லா பண்ணிட்டீங்க. உங்களுக்கு முன்னாடி ஹீரோ ஒண்ணுமில்லாம போயிட்டார். அதனாலதான்.”

அப்படியே உருகிவிடப் போனவள், அவருடைய பிடரிக் கையைக் கவனித்தாள். சரியான இடத்தில் தடவல், சரியான இடத்தில் மூச்சு. தொழில் தெரிந்தவளை ஏமாற்ற முடியுமா?

“இதை இன்னும் யார் யார்கிட்ட சொல்லியிருக்கீங்க?”

அவர் நெளிந்தார். “போன வாரம், போஸ்ட்மேனா நடிச்சவர்கிட்ட. பாவம், என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதுட்டார்.”

“நிஜக் காரணம் என்ன?”

“படம் நீளம்மா. எங்கேயாவது குறைக்கணும். சத்தியமா உங்களை நான் சரியா பார்க்கக்கூட இல்ல.”

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் தொண்டையில் மாட்டிய முள்ளை யாரோ பிடுங்கியது போல இருந்தது. இத்தனை நாளாகத் தன் முகத்தில் என்ன குறை என்று கண்ணாடியிடம் கேட்டுக்கொண்டிருந்தாளே, இந்த ஆள் முகத்தையே பார்க்கவில்லை.

“நீங்க நடிக்கப் போயிருக்கலாம் சார்” என்று சொல்லி, அவர் நீட்டிய பிஸ்கட்டையும் வாங்கிக்கொண்டு வந்தாள். அன்று மாலை வீட்டில் துண்டைப் போர்த்திக்கொண்டு பிடரியைத் தடவினாள். மாமியார் சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் கேட்டாள்.

அதற்குப் பிறகும் வேண்டாம் என்றவர்கள் உண்டு. தலைவலி மாத்திரை விளம்பரத்தில்தான், தேர்வுக்குப் போய் உட்கார்ந்ததுமே, “மூஞ்சியிலேயே தலைவலி தெரியுது” என்று எடுத்துக்கொண்டார்கள். முதல் தடவையாக முழு முகமும் திரையில் வரப்போகிறது. விளக்குச் சூட்டில் காலை முழுக்க நெற்றியைப் பிடித்துக்கொண்டே இருந்ததில் அவளுக்கு நிஜமாகவே மண்டை பிளந்தது.

“ஒரு மாத்திரை கொடுங்களேன்” என்று மேக்கப்காரியிடம் கேட்டாள்.

மேக்கப்காரி மேஜையில் அடுக்கியிருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகக் குலுக்கிப் பார்த்தாள். “எல்லாம் காலிப் பெட்டிக்கா. நெத்தியை அப்படியே பிடிச்சுக்கோங்க, நல்லா வருதாம்.”