நடுவில் இறங்கியவர்கள்

விமான டிக்கெட் விற்பது ஒரு விசித்திரமான தொழில். விற்கிற சரக்கை விற்கிறவரே கண்ணால் பார்த்திருக்க மாட்டார்.

பட்டுக்கோட்டையில் ஒரு மாடிப்படிக்குக் கீழே எங்கள் டிராவல்ஸ். கம்ப்யூட்டர் முன்னால் நான், அருள்மேரி. பாஸ்போர்ட்டுகளைத் தூக்கிக்கொண்டு மெட்ராஸுக்கும் திருச்சிக்கும் ஓட செல்வராசு. தொண்ணூறுகளில் தெருவுக்கு இரண்டு பேர் வெளிநாடு கிளம்பிய காலம் அது. நேராகப் போகிற விமானம் சிலருக்குத்தான் அமையும். மற்றவர்கள் கொழும்பிலோ சிங்கப்பூரிலோ இறங்கி, அடுத்த விமானத்துக்கு அரை நாள்கூடக் காத்துக் கிடக்க வேண்டும். "டிரான்சிட் கொஞ்சம் ஜாஸ்திங்க" என்று சொல்லும்போதே என் குரல் தணிந்துவிடும். போய் வந்தவர்கள் முதல் வேலையாக என்னைத் திட்டுவார்கள்.

திட்டு வாங்கி வாங்கிச் சலித்துப்போய் ஒருநாள் ஒருவரிடம் கேட்டேன்: "சரிங்க, அந்த அரை நாள் என்னதான் பண்ணீங்க?" அவர் திட்டுவதை நிறுத்திவிட்டு யோசித்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார், நிறுத்தவே இல்லை. அன்றிலிருந்து திரும்பி வந்த எல்லோரிடமும் அதே கேள்விதான். எங்கோ ஓர் இரும்பு நாற்காலியில் பையைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு தூங்காமல் தூங்கியவர்தானே நீங்களும்? அப்படியென்றால் இவர்கள் உங்களுக்குச் சொந்தக்காரர்கள்.

ஓடுகிற படி

வேலாயுதம் ஒரத்தநாட்டுப் பக்கம். சென்ட்ரிங் வேலைக்குப் புருனே போகிறவர். எட்டாவது மாடிச் சாரத்தில் பலகை மேல் நடந்துபோய் ஆணி அடிப்பவருக்கு சிங்கப்பூர் விமான நிலையத்தின் தானியங்கிப் படியைக் கண்டதும் கால் வைக்கத் துணிவு வரவில்லை. கூட வந்தவர்கள் ஏறிப் போய்விட்டார்கள். இவர் கீழேயே நின்றார். போகிற ஊரிலும் இதுதானே இருக்கும், இங்கேயே பழகிவிட்டால் என்ன என்று தோன்றியிருக்கிறது. நேரமும் நிறையக் கிடந்தது.

முதல் தடவை உட்கார்ந்தபடி மேலே போய்ச் சேர்ந்தாராம். ஒரு சீனக் குழந்தை கைதட்டியது. ஏறுவது, இறங்குவது, மறுபடி ஏறுவது என்று மதியம் முழுக்க அதுதான் வேலை. காவலர் ஒருவர் நெருங்கி வந்தபோது பிடித்துக்கொண்டு போகப் போகிறார் என்று பயந்திருக்கிறார். அவரோ, படியைப் பார்த்து மிரண்டு நின்ற ஒரு மலாய்க் கிழவியை இவரிடம் கையைக் காட்டி ஒப்படைத்தார். அதற்கப்புறம் விமானம் ஏறும்வரை, தயங்கி நின்றவர்களையெல்லாம் கையைப் பிடித்து ஏற்றிவிட்டிருக்கிறார். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"ஓடுற டவுன் பஸ்ல தொத்துறதவிட ஈசிதான் மேரிக்கா. என்ன ஒண்ணு, இதுல கண்டக்டர் திட்ட மாட்டான்."

ஒரு கை தண்ணீர்

மேட்டூர் அணை நேரத்துக்குத் திறக்காத ஒரு வருஷம். குறுவை போடாமல் வயல் வெடித்துக் கிடந்தது. சும்மா இருப்பதற்கு மகளையாவது பார்த்து வரலாம் என்று பாபநாசம் கோவிந்தராசு மெல்போர்னுக்குக் கிளம்பினார். சிங்கப்பூரில் இறங்கிக் காத்திருக்கிறவர்களைப் பஸ்ஸில் ஏற்றி ஊரைக் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அதில் ஏறிக்கொண்டார். எல்லோரும் உயரமான கட்டடங்களை அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்தார்கள். இவர் கண்ணெல்லாம் ஆற்றின் மேல். இரண்டு கரையும் தளும்பத் தண்ணீர். மடை இல்லை, மதகு இல்லை, ஒரு நாற்றங்கால் இல்லை. படகில் உட்கார்ந்து காபி குடிக்கிறார்களாம்.

"எனக்கு வயிறு எரிஞ்சுதும்மா," என்றார். "நம்ம ஊர்ல ஆடு மேயுது ஆத்துக்குள்ள. இங்க இவ்வளவையும் சும்மா வேடிக்கை பார்க்க வச்சிருக்கான்." பஸ் கிளம்பக் கூப்பிட்டும் போகாமல் கரைப்படியில் இறங்கியிருக்கிறார். வழிகாட்டிப் பெண் பதறிக்கொண்டு ஓடி வந்தாள். அவள் வருவதற்குள் குனிந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்துவிட்டார்.

"உப்புக் கரிச்சுது. அதுக்கப்புறந்தாம்மா எனக்கு மனசே ஆறுச்சு."

கவுன்ட்டர்

தோஹாவில் இருக்கும் தங்கையின் பிரசவத்துக்காக நானும் ஒரு தடவை போனேன். கொழும்பில் நீண்ட டிரான்சிட், நானே எனக்குப் போட்டுக்கொண்டது. கடை கடையாகப் பார்க்க வேண்டும், யானை பொம்மை வாங்க வேண்டும் என்றெல்லாம் திட்டம். முதல் நாற்காலியில் உட்கார்ந்ததும் பக்கத்துப் பையன் போர்டிங் பாஸை நீட்டி, "இதுல கேட் நம்பர் எங்கக்கா இருக்கு?" என்றான். காட்டினேன். பின்னாலிருந்த அம்மா தன்னுடையதை நீட்டினார். அப்புறம் ஜோர்டான் போகிற நாலு பேர். கொஞ்ச நேரத்தில் வரிசையே நின்றது. ஒரு கடையும் பார்க்கவில்லை, பொம்மையும் வாங்கவில்லை. ஊர் திரும்பி செல்வராசுவிடம் சொன்னேன்.

"லீவு போட்டுப் போயும் அங்க ஒரு பிராஞ்ச் தொறந்துட்டு வந்திருக்கீங்க."

பாத்திமாம்மா

அதிராம்பட்டினம் பாத்திமாம்மா ஏழு பிள்ளை பெற்றவர். கடைசி மகனைப் பார்க்க முதல் தடவையாகத் தனியே துபாய் போனார். "கொழும்புல உக்கார வைக்கிற இடத்த விட்டு நகராதீங்க" என்று நூறு தடவை சொல்லி அனுப்பினேன். நகர்ந்துவிட்டார். காரணம் அடுத்த நாற்காலியில் இருந்த பெண். இலங்கைக் கிழக்குக் கரைக்காரி, இருபது வயதுகூட இருக்காது. வீட்டு வேலைக்குக் குவைத் போகிறாள். சத்தமில்லாமல் அழுதுகொண்டே முந்தானையை நெஞ்சுக்கு இழுத்து இழுத்து மூடினாள். சட்டை நனைந்திருந்தது. பாத்திமாம்மாவுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. கைக்குழந்தையை விட்டுவிட்டு வந்திருக்கிறாள், பால் கட்டிக்கொண்டது.

கையைப் பிடித்துப் பெண்கள் கழிப்பறைக்கு அழைத்துப் போனார். வெந்நீர்க் குழாயில் தன் துண்டை நனைத்து ஒத்தடம் கொடுத்து, எப்படிப் பீய்ச்சிவிட வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். பால் தொட்டியில் ஓடுவதைப் பார்த்ததும் அந்தப் பெண் வாய்விட்டே அழுதாள். திரும்பி வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்றாள். போ என்று சொல்வதா, போகாதே என்று சொல்வதா என்று பாத்திமாம்மாவுக்குத் தெரியவில்லை. "குழந்தை பேரு என்னம்மா?" என்று மட்டும் கேட்டார். ரிஸ்வான் என்றாள். அவனுக்கு முடி எப்படி, யார் ஜாடை, எதைக் கண்டால் சிரிப்பான் என்று ஒவ்வொன்றாகக் கேட்க, அவளும் ஒவ்வொன்றாகச் சொல்ல, அழுகை அடங்கியது.

அந்த நேரத்தில்தான் துபாய் விமானத்துக்குக் கடைசி அழைப்பு. பாத்திமாம்மா காதில் அது விழவே இல்லை. அந்தப் பெண்தான் கேட்டுவிட்டு, பையைப் பிடுங்கிக்கொண்டு, "ஓடி வாங்க உம்மா" என்று இழுத்துக்கொண்டு ஓடி வாசலில் சேர்த்திருக்கிறாள். அவள் குவைத் போனாளா, வீடு திரும்பினாளா தெரியாது. பாத்திமாம்மா ஊருக்கு வந்து இதைச் சொன்னபோது, அவள் பெயர் என்ன என்று கேட்டேன்.

"அதக் கேக்கவே இல்ல புள்ள. குழந்தை பேரு மட்டுந்தான் தெரியும், அதச் சொல்லித்தான் ரெண்டு பேருக்கும் துவா கேட்டுக்கிட்டிருக்கேன்."

நடுவழிச் சந்திப்பு

சாமுவேல் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வெல்டர். மனைவி எஸ்தர் மஸ்கட்டில் நர்ஸ். பெண் குழந்தை தரங்கம்பாடியில், சாமுவேலின் அக்கா வீட்டில். அப்பா அம்மா இருவரில் ஒருவராவது குழந்தையோடு இருக்கட்டும் என்று லீவை மாற்றி மாற்றி எடுப்பார்கள். இவர் வரும்போது அவள் போயிருப்பாள். ஊரே மெச்சிய ஏற்பாடு. ஆனால் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்தே இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஒருநாள் சாமுவேல் போனில் கூப்பிட்டார். "அக்கா, எனக்கு நேரா திருச்சி வேணாம். கொழும்பு வழியாப் போடுங்க. டிரான்சிட் எவ்வளவு பெருசா கிடைக்குமோ அவ்வளவு பெருசா." என் அத்தனை வருஷத்தில் இப்படி யாரும் கேட்டதில்லை. எதற்கு என்று கேட்டேன். தயங்கித் தயங்கி, "அன்னைக்குத்தான் லீவு முடிஞ்சு எஸ்தரும் கொழும்பு வழியா மஸ்கட்டுக்குக் கிளம்புறா" என்றார். அப்புறம் நானும் செல்வராசுவும் வேறு வேலை பார்க்கவில்லை. தேதியை முன்னே தள்ளி, பின்னே இழுத்து, கடைசியில் ஒரு பகல் பொழுதில் கொழும்பில் இருவரையும் சேர்த்து வைத்தோம்.

அந்த நாளில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சாமுவேல் கொழும்பில் இறங்கிவிட்டார். எஸ்தர் திருச்சியில் மாட்டிக்கொண்டாள். விமான நிலையத்துக்கு மறுபடி மறுபடி போன் போட்டேன். "மழை விட்டா எடுப்பாங்க மேடம்" என்பதே பதில். கடைக்கு வந்தவர்களிடம் என்ன பேசினேன் என்றே நினைவில்லை. செல்வராசு வாசலில் நின்று வானத்தையே முறைத்துக்கொண்டிருந்தார். பிற்பகலில்தான் கிளம்பியது என்று தகவல் வந்தது. அவளுடைய மஸ்கட் விமானம் காத்திருக்குமா, இவருடைய திருச்சி விமானம் முந்திக்கொள்ளுமா, அதற்கப்புறம் எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

இரண்டொரு நாளில் சாமுவேல் கடைக்கு வந்தார். பார்த்தீர்களா என்று கேட்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவரே சொன்னார்: "பார்த்தோம்க்கா. ஒரு டீ ஆறுற நேரம் கெடச்சுது." என்ன பேசினீர்கள் என்றேன். அவர் சிரித்தார். "எங்க பேசுறது? வந்து பக்கத்துல உக்காந்தா, தோள்ல சாஞ்சா, அப்படியே தூங்கிட்டா. பாவம், திருச்சியில விடியக்காலையிலேருந்து உக்காந்திருக்கா. எழுப்ப மனசு வரல. அவ பிளேனுக்குக் கூப்பிடுற வரைக்கும் ஆடாம அசையாம இருந்தேன்."

எனக்கு ஆறவில்லை. அடுத்த தடவை எஸ்தர் மஸ்கட்டிலிருந்து டிக்கெட் விசாரிக்கக் கூப்பிட்டபோது, "என்னம்மா, அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்து வச்சா தூங்கிட்டியாமே" என்று கடிந்துகொண்டேன்.

"நான் தூங்கலக்கா, கண்ணத் தொறந்தா பேசணும், பேசினா அழுதுருவேன்னு மூடியே வச்சிருந்தேன். அவர்ட்ட சொல்லிடாதீங்க, நல்லாத் தூங்குனேன்னு சந்தோஷமா இருக்காரு."

இன்றைக்கும் வருகிறவர்கள் உட்காருவதற்கு முன்பே "நடுவுல எங்கயும் நிக்காம நேராப் போறது இருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள், நானும் சிரித்த முகத்தோடு அதையே தேடிக் கொடுத்துவிட்டு, ஒரு கதை போச்சே என்று உள்ளுக்குள் வருத்தப்பட்டுக்கொள்கிறேன்.