எண்பத்தெட்டாவது பொருள்

எங்கள் வபூரி அக்காவின் உத்தியோகம் என்னவென்று, போர்ட் மோர்ஸ்பி நகரத்தை ஒட்டிய ஹனுவாபடா கிராமத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த மீதிப் பேருக்கு நம்பிக்கை இல்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், கையில் ஒரு ஃபாரத்தோடு போர்ட் மோர்ஸ்பியின் கடைகளெல்லாம் ஏறி இறங்குவாள். நூற்று அறுபது சாமான்களுக்கு விலை கேட்பாள். எதையும் வாங்காமல் வீடு திரும்புவாள். இதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

ஃபாரம் கடல் கடந்து ஏதோ ஒரு கம்பெனியிலிருந்து வருகிறது. இங்கே வேலைக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊரில் தின்றதையும் உடுத்தியதையும் இங்கேயும் தின்று உடுத்த என்ன ஆகும் என்று பார்த்து, அதற்குத் தகுந்தபடி அவர்களுக்குப் படி கொடுப்பார்களாம். அதனால் ஆண்களின் கம்பளிக் கோட்டைச் சலவை செய்ய என்ன விலை என்று ஒரு கேள்வி இருக்கிறது. எங்கள் ஊரில் குளிர் வேண்டுமென்றால் ஃபிரிட்ஜைத் திறக்க வேண்டும். சலவைக்கடைக்காரன் பத்தொன்பது வருஷமாக ஒரே பதிலைச் சொல்கிறான்: "முதல்ல கோட்டைக் கொண்டாங்க, பாத்துட்டுச் சொல்றேன்."

இப்படி விலை தெரியாத சாமான்களுக்கு எதிரே 'கிடைக்கவில்லை' என்று எழுதலாம். ஆறு வரைக்கும் எழுதலாம். ஏழாவது விழுந்தால் எங்கள் நகரத்தையே பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். அக்காவின் வேலையும் அதோடு போய்விடும்.

அக்கா என் பெரியம்மா மகள். விலை கேட்கும் நாட்களில் என் டாக்சியில்தான் சுற்றுவாள். காசு தரமாட்டாள், புத்திமதி தருவாள். ஒரே ஒரு பிடிவாதம் அவளுக்கு. தன் கண்ணால் பார்த்த விலையைத்தான் எழுதுவாள். நாலாவது வருஷம் மழைக்குச் சோம்பிக்கொண்டு உருளைக்கிழங்கு விலையை ஞாபகத்திலிருந்து எழுதினாளாம். அன்றைக்குச் சாயங்காலமே வீட்டுத் தூண் ஒன்று ஒடிந்து கடலில் விழுந்ததாம். அதுமுதல் அப்படித்தான்.

தூண் விஷயம் விளையாட்டில்லை. கடலுக்கு மேல் நிற்கிற வீடு அது. கீழே புழு ராப்பகலாகத் தின்றுகொண்டே இருக்கும். ஒரு ஃபாரத்துச் சம்பளத்துக்கு ஒரு தூண் என்று அக்கா மாற்றிக்கொண்டே வருவாள். இந்த வருஷம் சமையலறை மூலைத் தூண் இறங்கிவிட்டது. பானையை வைத்தால் அது தானாகக் கடலைப் பார்த்து நகரும். அந்தச் சரிவில் உட்கார்ந்துதான் அவள் தங்கை கெவுவா விடியற்காலையில் மாவுருண்டை பொரிக்கிறாள். பஸ் நிறுத்தத்தில் மேசை போட்டு எங்கள் நாட்டுப் பணத்தில் உருண்டை ஒரு கினாவுக்கு விற்கிறாள். பிப்ரவரியில் எண்ணெய் தளும்பி அவள் வலது பாதம் வெந்துபோனது. செருப்புப் போட முடியாமல் ஒரு மாதம் நொண்டினாள். அடுத்த தடவை பாதத்தோடு நிற்குமா என்று அக்காவுக்குத் தூக்கமில்லை. மார்ச் ஃபாரம் அந்த மூலைத் தூணுக்கு என்று முடிவாகிவிட்டது.

இனி எண்பத்தெட்டாவது பொருளுக்கு வருவோம். 'வெள்ளை ஆஸ்பராகஸ், கண்ணாடிப் புட்டியில், 330 கிராம்.' ஊர் முழுக்க அந்தத் தண்டுக் காய்கறி ஒரே ஒரு கடையில் இருந்தது. போரோகோவில் இருக்கிற பெர்னி லியோங் கடையில், ஒரே ஒரு புட்டி. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் லியோங் எதையோ ஆர்டர் பண்ணப் போய் ஒரு பெட்டி வந்து இறங்கியது. மற்றதெல்லாம் உப்பி வெடித்தன. இது ஒன்று மிஞ்சியது. உள்ளே ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறிய விரல்கள் மாதிரி ஏழெட்டுத் தண்டுகள் நிற்கும். நான் அதைப் பார்த்து ஒரு தடவைகூட ஆசைப்பட்டதில்லை.

முதல் வருஷம் அதன் விலை பதினான்கு கினா. அக்கா கேட்டாள், எழுதினாள், போனாள். ஆறு மாதம் கழித்து மறுபடி வந்து அதையே கேட்டாள். லியோங்குக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. இருபத்திரண்டு ஆக்கினார். அடுத்த தடவை முப்பது. இப்படியே ஏறி, போன செப்டம்பரில் இருநூற்று அறுபது. காலாவதித் தேதியின்மேல்தான் விலைச் சீட்டை ஒட்டுவார்.

"முதலாளி, உங்களுக்கு மனசாட்சியே கெடையாதா?" என்று நான் ஒரு தடவை கேட்டேன்.

"நீ டாக்சி ஓட்டு," என்றார் லியோங். "இத்தனை வருஷமா ஒரு சாமானை விடாம வந்து கேக்குறாங்கன்னா அதுக்குப் பேரு கிராக்கி. கிராக்கி உள்ள சாமானை யாராவது விலை ஏத்தாம வச்சிருப்பானா?"

"கேக்குறது ஒரே ஆளுதானே?"

"ஒரே ஆளா இருந்தா என்ன, விடாம கேக்குறாங்கல்ல."

இந்த மார்ச்சில் போனபோது அலமாரியில் புட்டி இல்லை. அது இருந்த இடத்தில் வட்டமாக ஒரு தடம் மட்டும் இருந்தது. அக்கா அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஃபாரத்தில் ஏற்கெனவே ஆறு 'கிடைக்கவில்லை' எழுதியாகிவிட்டது.

"வித்துப்போச்சு," என்றார் லியோங். அவருக்கே நம்பமுடியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "போன செவ்வாக்கிழமை. ஒரு வெள்ளைக்காரப் பையன். வந்தான், எடுத்தான், குடுத்தான், போயிட்டான். ஏன் இவ்வளவுன்னு ஒரு வார்த்தை கேக்கல. எனக்குத்தான் அன்னைக்குச் சோறு எறங்கல."

"வேற புட்டி வரவழைக்க முடியாதா முதலாளி?" என்றாள் அக்கா.

"கப்பல்ல வர மூணு மாசம். ஏம்மா வபூரி, பேசாம பழைய விலையை எழுதிட்டுப் போயேன். அவனுங்க என்ன பிளேன் ஏறி வந்து என் அலமாரியைப் பாக்கவா போறானுங்க?"

"இல்லாத புட்டிக்கு நான் எப்பிடி விலை எழுதுறது?"

"இருந்தப்ப மட்டும் யாரு தின்னா? இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணுதான்."

அவர் சொன்னது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. சொன்னேன். அக்கா என்னை முறைத்துவிட்டு வாசலுக்கு நடந்தாள். வாசலில் நின்ற காவலாளி எங்கள் ஊர்க்காரன்தான், வெற்றிலைப் பாக்கை ஒரு கன்னத்தில் அதக்கிக்கொண்டு அந்தப் பையன் வீடு எங்கே என்று சொன்னான். துறைமுகத்தில் வேலை, பேர் ஸ்டீனார், நார்வேக்காரன். கண்ணாடிப் புட்டியைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு போனானாம்.

"போய் என்னக்கா பண்ணப்போறே?" என்றேன் வண்டியில்.

"ஒரு மணி நேரம் கடனா கேப்பேன். அலமாரியில வச்சு, சீட்டு ஒட்டி, பாத்து எழுதிட்டுத் திருப்பிக் குடுத்துடலாம்."

இதை அவள் சிரிக்காமல் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. வெந்த காலோடு ஒருத்தி சரிந்த தரையில் எண்ணெய்ச் சட்டி வைத்திருக்கிறாள்; இவள் இல்லாத புட்டி விஷயத்தில் நேர்மை பார்க்கிறாள். ஆனாலும் வண்டியைத் திருப்பினேன்.

முள்கம்பி போட்ட மதில், மூன்று நாய், இரண்டு கேட். கடலைப் பார்த்த வீடு. உள்ளே ஏசி போட்டு அந்தப் பையன் ஐஸ்பெட்டி மீன் மாதிரி உறைந்துபோய் உட்கார்ந்திருந்தான். இருபத்தெட்டு வயது இருக்கலாம். அக்கா விஷயத்தைச் சொன்னாள். அவன் எழுந்து போய்ப் புட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். திறந்திருந்தது. ஒரே ஒரு தண்டு கடிபட்டிருந்தது.

"மன்னிச்சுக்கங்க," என்றான். "என் சம்பளக் கடிதத்தோட ஒரு பட்டியல் இருந்துச்சு. எனக்கு எதுக்கெல்லாம் படி தர்றாங்கன்னு. எண்பத்தெட்டாவதா இது இருந்துச்சு, இருநூத்தி அறுபது கினான்னு. எனக்குச் சங்கடமா இருந்துச்சு. காசு வாங்கிட்டு வாங்காம இருக்கிறது ஏமாத்துற மாதிரி இல்லையா?"

பத்தொன்பது வருஷத்தில், கொடுத்த படியைக் கொடுத்த காரியத்துக்கே செலவழித்த முதல் ஆள் இவனாகத்தான் இருக்க வேண்டும். எங்களுக்கென்று பார்த்து வந்து சேர்ந்தான்.

"உங்க ஊர்ல இதைத் தினம் சாப்பிடுவீங்களா தம்பி?" என்று கேட்டாள் அக்கா.

"இல்லையே. எங்க மாமா கல்யாணத்துல ஒரு தடவை பாத்திருக்கேன்."

அக்கா ஒரு தண்டைக் கேட்டு வாங்கினாள். நான் தடுத்தேன், கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். எழுதி எழுதித் தேய்ந்த பேனாக்களும், வெயிலும், லியோங்கின் ஏளனமும் எல்லாம் அந்த ஒரு வாய்க்குள் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

"தண்ணி," என்றாள் கடைசியில். "உப்புத் தண்ணி. எங்க வீட்டுக்குக் கீழேயே இருக்கு." அவள் கண் கலங்கியிருந்தது.

"அப்ப நீ நெஜமா என்னதான் சாப்பிடுறே?" என்று நான் பையனிடம் எரிந்துவிழுந்தேன்.

"காலையில ஆறு மாவுருண்டை," என்றான் வெட்கத்தோடு. "டிரைவர் பஸ் ஸ்டாப்ல நிறுத்துவாரு. நொண்டி நடக்குற ஒரு அக்கா விக்கிறாங்க. மத்தியானத்துக்கு நாலு கட்டி வாங்கிக்குவேன்."

அன்றைக்கே அக்கா ஏழாவது 'கிடைக்கவில்லை'யை எழுதி அனுப்பினாள். வேலை போனதென்றே நினைத்தோம். நாலாம் நாள் பதில் வந்தது. எண்பத்தெட்டாவது பொருள் இல்லையென்றால், அயல்நாட்டவர் நிஜமாகவே வாங்கிச் சாப்பிடுகிற, எப்போதும் கிடைக்கிற வேறு ஒன்றைச் சொல்லலாம். ஒரு தடவை சொன்னால் அந்தப் பொருளைப் பத்து வருஷத்துக்கு மாற்ற முடியாது. அக்கா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. மறுநாள் காலை பஸ் நிறுத்தத்துக்குப் போய், கெவுவாவின் அட்டைப் பலகையில் கரியால் எழுதியிருந்த விலையைக் கண்ணால் பார்த்தாள், எழுதினாள். 'பொரித்த மாவுருண்டை, ஒன்று, 1 கினா.' கெவுவாவிடம் எதுவும் சொல்லவில்லை. சம்பளம் வந்தது. சமையலறை மூலைக்குப் புதுத் தூண் இறங்கியது. எண்ணெய்ச் சட்டி அசையாமல் உட்கார்ந்தது. கெவுவா அன்றைக்குப் பாட்டே பாடிவிட்டாள்.

செப்டம்பரில் மறுபடி ஃபாரம் வந்தது. கெவுவா மேசையிலிருந்தே ஆரம்பிப்போம், அது நம் கை சாமான்தானே என்று இருவரும் காலையில் போனோம். எனக்கு வழக்கம்போல ஓர் உருண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். ஸ்டீனார் வரிசையில் முதல் ஆளாக நின்றான். கொஞ்சம் இளைத்திருந்தான். அட்டைப் பலகையில் எழுத்து எதுவும் இல்லை, துடைத்து வைத்திருந்தாள்.

"பலகை ஏண்டி காலியா இருக்கு?" என்றாள் அக்கா. "உருண்டை என்ன விலை?"

கெவுவா கரண்டியைக் கீழே வைத்தாள். "கேக்குறது நீயா, ஃபாரமா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஸ்டீனாரைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

"இந்தத் தம்பி எல்லாம் சொல்லிட்டாரு," என்றாள் கெவுவா. "பட்டியல்ல புட்டி போயி என் உருண்டை ஏறினதுல இவரு படியை வெட்டிட்டாங்களாம். கொஞ்சம் ஏத்திச் சொல்லுங்கக்கான்னு ஒரு மாசமா கெஞ்சுறாரு. நீதான் கூடப் பொறந்தவகிட்ட வாயைத் தொறக்கல."

"சொன்னா நீ இப்பிடித்தான் பண்ணுவேன்னு தெரியும். சரி, கேக்குறது ஃபாரம்தான்."

கெவுவா கரித்துண்டை எடுத்தாள். நிதானமாக, பெரிய எழுத்தில், பலகையில் எழுதினாள். பதினான்கு கினா. ஸ்டீனார் முகம் மலர, ஆறு உருண்டைக்கு எண்ணி வைத்தான். அவள் வாங்கி இடுப்புப் பையில் போட்டுக்கொண்டாள். விலை விலைதான், பொய்யில்லை. என் வாயில் இருந்த உருண்டையை விழுங்குவதா துப்புவதா என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா கண்ணால் பார்த்துவிட்டாள். அப்புறம் என்ன செய்ய முடியும், பேனாவைத் திறந்தாள்.

"ஏண்டி, நேத்து வரைக்கும் ஒரு கினாதானே?" என்றாள் எழுதிக்கொண்டே.

கெவுவா அடுத்த உருண்டையை எண்ணெயில் போட்டாள். "நேத்து யாருக்கா வந்து கேட்டா?"