வயிறு சொன்ன முதல் ‘மதி’

சாப்பாட்டுக்கடை நடத்துகிறவளுக்கு வயிறுதான் விளம்பரப் பலகை. சமையல்காரி பெருத்திருந்தால் குழம்பு ருசி என்று ஊர் நம்பும். இளைத்திருந்தால், அவளே தின்னாத குழம்பை நமக்கு ஊத்துறாள் என்று சந்தேகப்படும்.

மட்டாஞ்சேரியில் சுக்குக் கிட்டங்கிகளுக்குப் பின்சந்தில் எங்கள் மெஸ். நானும் வீட்டுக்காரர் மாரியப்பனும் கம்பத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர் என்னை ‘பேச்சி’ என்பார், ஊர் ‘சேச்சி’ என்கிறது. யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பேன். என் விளம்பரப் பலகை அப்போது கொஞ்சம் பெரிசு. கடை வாசலில் ஒருக்களித்துத்தான் நுழைவேன். சர்க்கரை, முட்டிவலி, மூச்சிரைப்பு எல்லாம் கூடவே நுழையும். கடைசியில் எர்ணாகுளத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வயிற்றைச் சுருக்கி, குடலைத் திருப்பித் தைத்து அனுப்பினார்கள். சர்க்கரை இறங்கியது, முட்டி என்னை மன்னித்தது. அது நல்ல கதை, ஒரு வரியில் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் வருஷக்கணக்கில் வந்ததெல்லாம்தான் இது. வயிற்றைச் சுருக்கிக்கொண்ட என் கூட்டாளிகளே, சிரித்துக்கொண்டே படியுங்கள். ரொம்பக் குலுங்க வேண்டாம், தையல் இருக்கிறது.

பாதிச் சேச்சி

ஆபரேஷன் முடிந்து, இளைத்து, பழைய ரவிக்கையை ஊக்குப் போட்டு நிறுத்திக்கொண்டு ஒருநாள் அடுப்படிக்குத் திரும்பினேன். அந்தப்பன் சேட்டன் வந்தார். கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவர், தலை வழுக்கை, குரல் வெண்கலம். ஊருக்குப் போயிருந்ததால் என்னைப் பார்த்து மாசக்கணக்காகிவிட்டது. உட்கார்ந்ததும் என்னை ஏற இறங்கப் பார்த்து, “மோளே, சேச்சி எவிடே? சேச்சி கைச்சோறுன்னா மட்டும்தான் எனக்கு இறங்கும்” என்றார்.

“நான்தான் சேட்டா சேச்சி” என்றேன். நம்பவில்லை. மீன் குழம்பு ஊற்றி நாலு வசவும் சேர்த்து வைத்தேன். வசவைக் கேட்டதும் நம்பிவிட்டார். எழுந்து என்னை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: “சேச்சி பாதியே உள்ளூ! அப்போ மீனுக்கும் பாதி விலை மதி!”

மூன்று மதி

‘மதி’ என்றால் எங்கள் கம்பத்தில் நிலா, புத்தி. இங்கே ‘போதும்’. இந்த ஒரு சொல்லில்தான் எங்கள் கடையின் பெயரே நிற்கிறது. சாப்பிடுகிறவர் சொல்கிற முதல் மதி மரியாதைக்கு. இரண்டாவது, பக்கத்து இலைக்காரர் பார்க்கிறாரே என்ற கூச்சத்துக்கு. மூன்றாவதுதான் வயிறு சொல்வது. அதுவரை கரண்டி நிற்கக் கூடாது. பரோட்டா போட வந்த பாபுவுக்கு நான் முதலில் கற்றுக்கொடுத்த பாடமே இதுதான். அவன் சின்னப் பையன் இல்லை, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். எங்கள் பக்கத்து தேனிக்காரன்தான்.

ஆலுவாவில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். அங்கே பந்தி பரிமாறியது யார்? லீவு நாளில் கேட்டரிங்குக்குப் போன நம் பாபு. “மதி” என்றேன், சாம்பார் விழுந்தது. “மதிடா” என்றேன், இன்னொரு கரண்டி. இலையில் விழுந்த அன்னத்தை வீணாக்கக் கூடாதே என்று ஒரே ஒரு கவளம் கூடப் போட்டேன். உங்களுக்குத் தெரியும், அந்த ஒரு கவளம் என்ன செய்யுமென்று! நெஞ்சுக்குழியில் ஆணி அடித்த மாதிரி நிற்கும். மேலேயும் வராது, கீழேயும் போகாது. பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்குப் பின்னால் ஓடினேன். எல்லாம் வெளியே போய்க் கண்ணீரோடு நிமிர்ந்தால், பாபு சாம்பார் வாளியோடு நிற்கிறான். ஏண்டா பாவி என்றேன். அவன் முழித்துக்கொண்டு சொன்னான்: “அக்கா, நீங்க இன்னும் மூணாவது மதி சொல்லலியே?”

டம்பிங்

ஓணத்துக்குக் கடையில் அடைப் பிரதமன் பாயசம் போட்டேன். வெல்லப்பாகு சரியா என்று ஒரு கரண்டி, தேங்காய்ப்பால் சேர்த்ததும் ஒரு கரண்டி, சந்தேகத்துக்கு ஒரு கரண்டி. சமையல்காரி ருசி பார்ப்பதைச் சாப்பாட்டில் யார் சேர்ப்பார்கள்? கொஞ்ச நேரத்தில் வேர்த்துக் கொட்டியது, நெஞ்சு செண்டை வாசித்தது, வயிறு முறுக்கியது. வெங்காய மூட்டை மேல் சாய்ந்தேன். மூட்டையும் நானும் சேர்ந்து தரைக்கு வந்தோம். டாக்டரிடம் போனால், தித்திப்பு வயிற்றில் தங்காமல் நேராகக் குடலில் கொட்டிவிடுகிறதாம், அதற்கு ‘டம்பிங்’ என்று பெயராம். வீட்டுக்காரர் வெலவெலத்துப் போனார். “இந்தா பேச்சி, இன்னொரு தடவை நீ அடுப்படியில விழுந்தேன்னா, அடுப்பைப் பாபுகிட்டக் குடுத்துட்டு உன்னைக் கல்லாவில உக்கார வெச்சிருவேன்” என்றார். அவர் கோபத்தில் சொன்னால் பயமில்லை. அன்றைக்கு மெதுவாகச் சொன்னார். எனக்கு அடுப்பு போனால் கை போன மாதிரி.

கடைக்குத் திரும்பியதும் அவர் வாசலில் நின்று போனில் மச்சினனிடம் “பேச்சிக்கு டம்பிங், பயங்கர டம்பிங்” என்று கத்திக்கொண்டிருந்தார். தெருவில் குப்பை எடுக்க வருகிற சுலேகா காதில் அது விழுந்துவிட்டது. கடைக்கழிவைக் கால்வாயில் கொட்டுகிறோம் என்று நினைத்துக் கையுறையோடு உள்ளே பாய்ந்தாள். நான் ஈரத்துணியை நெற்றியில் போட்டபடி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, விரலை நீட்டிச் சொன்னாள்: “டம்பிங் டம்பிங்தான் சேச்சி, சொந்தக் குடல்ல கொட்டினாலும் ஃபைன் உண்டு!”

தட்டுக்கு வந்த முடி

இதற்கும் முன்னால், ஆபரேஷன் முடிந்த கொஞ்ச மாசத்தில், முடி கொட்டியது. கொண்டை சுண்டைக்காய் ஆனது. கறி, மீன் சரியாக இறங்காவிட்டால், சத்து சேராவிட்டால் இப்படி ஆகுமாம். மாத்திரை கொடுத்தார்கள், மாசாமாசம் ஊசியும் போடச் சொன்னார்கள். நான் துணியைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் சமைத்தேன். ஆனாலும் ஒருநாள் அந்தப்பன் சேட்டன் தட்டிலிருந்து நீளமாக ஒன்றை உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடுத்த மேஜைக்காரர் கையை உதறி எழுந்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

சேட்டன் தன் வழுக்கையை ஒருமுறை தடவினார், முடியை அதன் மேல் பதமாக வைத்துப் பார்த்தார், பிறகு சொன்னார்: “தலைக்கு வராத்த முடி தட்டுக்கு வந்நு, கர்த்தாவே, ஸ்தோத்திரம்!”

ஒற்றைச் செருப்பு

முடி திரும்ப வளர்ந்தது. நானும் ஊசியை நிறுத்திவிட்டேன். முடிக்குத்தானே ஊசி, முடிதான் வந்துவிட்டதே! கூட்டாளிகளே, இந்தக் கணக்கை நீங்களும் போட்டிருப்பீர்கள். உடம்பு நன்றாக இருக்கும்போது மருந்து எதற்கு என்று தோன்றும். நன்றாக இருப்பதே மருந்தால்தான் என்று தோன்றாது.

வருஷம் ஓடியது. பாதம் மரத்த மாதிரி இருந்தது, எறும்பு ஊர்கிற மாதிரியும் இருந்தது. நின்று சமைக்கிற காலுக்கு இதெல்லாம் சகஜம் என்று விட்டுவிட்டேன். ஒருநாள் மழைத்தண்ணீரில் மீன் வாங்கி வருகிறேன், தெருவே சிரிக்கிறது. குனிந்து பார்த்தால் ஒரு காலில் செருப்பு இல்லை. எங்கே விட்டேன், தெரியவில்லை. எப்போது விட்டேன், அதுவும் தெரியவில்லை. நானும் சேர்ந்து சிரித்தேன். பின்னாலேயே, யூதத் தெருவான ஜூ டவுன் பக்கம் டூரிஸ்டுகளுக்கு வழிகாட்டுகிற ஜோஷி, செருப்பை விரலில் மாட்டிக்கொண்டு வந்தான். “சேச்சி, இதைப் பழஞ்சாமான் கடையில குடுத்தா, மகாராணி செருப்புன்னு சொல்லி வெள்ளைக்காரன்கிட்ட வித்துருவாங்க!”

கஞ்சித்தண்ணீர்

சோறு வடிக்கும்போது கஞ்சி தெறித்துக் கொதிக்கக் கொதிக்கப் புறங்காலில் வழிந்தது. நான் பாட்டுக்கு வடித்துக்கொண்டிருந்தேன். அலறினது பாபு. “அக்கா, காலு! காலு!” பார்த்தேன். தோல் சிவந்து பொங்கியிருந்தது. யாரோ ஒருத்தி காலைப் பார்க்கிற மாதிரிதான் இருந்தது. அப்போதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது.

அவன் பச்சைத்தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தான். நான் அவன் கையைப் பிடித்து, “டேய், அண்ணன்கிட்டச் சொல்லிராதே. இதையும் விழுந்த கணக்குல சேர்த்து அடுப்பை வாங்கிருவாரு. உனக்குத்தான் குடுப்பாரு, தெரியும். அதனால சொல்லிராதே” என்றேன். எவ்வளவு கிறுக்குத்தனமான பேச்சு பாருங்கள். அடுப்பு கிடைக்கப் போகிறவனிடமே வாயை மூடு என்கிறேன். பாபு தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தான். வாசலைப் பார்த்து “அண்ணே!” என்று ஒரு கத்துக் கத்தினான். அப்புறம் என்னிடம் மெதுவாகச் சொன்னான்: “எனக்கு அந்த அடுப்பு மேல கண்ணு உண்டுதான்க்கா, அதுக்காக உங்க காலை எரிச்சு வாங்க மாட்டேன்.”

யார் நிறுத்தியது?

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் அம்மா நிமிர்ந்தார். பன்னிரண்டாம் நம்பர் பி விட்டமின் பாதாளத்தில் இருக்கிறது, அதனால்தான் கால் நரம்பு மங்கிவிட்டது என்றார். சுருக்கித் தைத்த வயிற்றால் அதைச் சாப்பாட்டிலிருந்து சரியாக எடுக்க முடியாதாம். ஊசியும் மாத்திரையும் ஆயுசுக்கும் உண்டு, வருஷாவருஷம் ரத்தமும் பார்க்கணும் என்று முதலிலேயே சொன்னோமே என்றார். ஆமாம், சொன்னார்கள். நான் அப்போது ரவிக்கை அளவு குறைகிற சந்தோஷத்தில் இருந்தேன். “ஊசி போட்டா நரம்பு மெல்லத் திரும்பும். எவ்வளவு திரும்பும்னு இப்போ சொல்ல முடியாது. இன்னும் விட்டிருந்தா நடையே தடுமாறியிருக்கும். ஊசியை நிறுத்தச் சொன்னது ஆரு?” என்று கேட்டார்.

நான் கூரையைப் பார்த்தேன். வீட்டுக்காரர் கல்லாக்காரர் அல்லவா, பாக்கி வைக்காமல் பதில் சொன்னார்: “இவ தலைமுடிதான் டாக்டர், அது வளர்ந்ததும் போதும்னு சொல்லிருச்சாம்.”

டச்சுக்காரன் முக்காலி

வீட்டுக்கு வந்ததும் அடுப்பு போச்சு என்றே நினைத்தேன். புண் ஆறுகிறவரை பாபுதான் சமைத்தான். நன்றாகத்தான் சமைத்தான், அதனால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. கால் ஆறினதும் ஒருநாள் வீட்டுக்காரர் ஜூ டவுனிலிருந்து உயரமான முக்காலி ஒன்றை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். டச்சுக் கப்பல் தலைவன் உட்கார்ந்ததாம், கடைக்காரன் சத்தியம் செய்தானாம். அடியில் பார்த்தால் போன வருஷத்துப் பசை இன்னும் பிசுபிசுத்தது. கொண்டுபோய் மீன்குழம்பு அடுப்பு முன்னால் போட்டார். கூடவே ரப்பர் பூட்ஸ், முட்டி வரைக்கும்.

“அப்போ அடுப்பு எனக்கா?” என்றேன். “குழம்பு உனக்கு, சோறு வடிக்கிறது பாபுவுக்கு. ராத்திரி கால் ரெண்டையும் நான் பார்ப்பேன். ஊசி நாள் அன்னைக்குக் கடை லீவு.” எனக்கு வாயெல்லாம் பல். ஆனாலும் வம்புக்கு, “விழுந்தா அடுப்பு இல்லேன்னு சொன்னீங்களே, பேச்சு மாறிட்டீங்களே?” என்று கேட்டேன். முக்காலியை ஆட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “மாறல பேச்சி, உக்காந்திருக்கிறவ எங்கிட்டு விழுவா?”

இப்போது எங்கள் கடையில் ‘மதி’ என்று ஒருமுறை சொன்னாலே கரண்டி நின்றுவிடுகிறது. அந்தப்பன் சேட்டனுக்கு மட்டும் இதில் பெரிய வருத்தம், தட்டைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். வயிற்றைச் சுருக்கித் தைக்க டாக்டர் உண்டு கூட்டாளிகளே, உடம்பு சொல்கிற முதல் மதி உள்ளே நுழைகிற அளவுக்குக் காதை அகட்டித் தைக்கத்தான் இன்னும் ஆள் வரவில்லை.