மண்ணெண்ணெய்க் கார் வழக்கு

அந்தக் காரை விற்கும்போது நான் பொய் சொன்னேன். இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. "சுத்தப் பெட்ரோல் மட்டும் குடிச்ச கார் அண்ணன்" என்று வாய் கூசாமல் சொன்னேன். தொண்ணூறுகளில் மட்டக்களப்பில் பழைய கார் வாங்கி விற்றவன் நான். சண்டையால் பாதை பூட்டினால் பெட்ரோல் வராது. மண்ணெண்ணெய் கலந்துதான் எல்லாரும் ஓடினோம். அந்தக் காரும் என் கையில் ஒரு கிழமை மண்ணெண்ணெய் குடித்தது.

வாங்கியவர் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வேளாண்மைக்காரர். மூன்று கிழமை கார் நன்றாக ஓடியிருக்கிறது. பிறகு ஒரு நாள் டிராக்டரில் கட்டி இழுத்து வந்து என் கொட்டிலுக்குள் தள்ளிவிட்டார்.

"புகைக்குது, நிக்குது. மண்ணெண்ணெய் ஊத்தி இஞ்சினச் சாகடிச்சிப்போட்டு என்ர தலையில கட்டிட்டாய். உன்ர கார நீயே வச்சிக்க!" என்று நாலு பேர் கேட்கக் கத்தினார்.

எனக்கும் கோபம் மூக்கு நுனியில். "ஓட்டத் தெரியாட்டி மாட்டு வண்டில் வாங்கியிரிக்கணும்" என்றேன். வழக்குப் போட்டுவிட்டார்.

"வழக்கு முடியிற வரைக்கும் அந்தக் காரில கை வைக்காத. வச்சா, களவாத் திருத்திப்போட்டான் எண்டுவாங்க" என்றார் என் லோயர். நான் பொனட்டையே திறக்கவில்லை. உண்மையில் திறக்கப் பயம். அந்த நாளில் கார் புகைத்தால் மண்ணெண்ணெய்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு கட்டுவோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். பொய்யன் என்று கோட்டில் நீதிபதியே சொல்லிவிட்டால் அதன் பிறகு என்னிடம் எவன் கார் வாங்குவான்?

வழக்கு நாளில் நீதிபதி இரண்டு பக்கமும் கேட்டார். மத்தியானம் காரைக் கோட்டு முற்றத்துக்குக் கொண்டு வரவேண்டும், வாகனப் பரிசோதகர் பார்ப்பார், ஓடாவிட்டால் தள்ளிக்கொண்டு வா என்றார்.

வாசலில் இறங்கும்போது, "தம்பி, கொஞ்சம் நில்லுங்க" என்று ஒரு குரல். வேளாண்மைக்காரரின் மனைவி. புருசன் உள்ளே தன் லோயரோடு நின்றார்.

"காருக்குள்ள என்ர சாமான் ஒண்டு கிடக்கு. இஞ்சினுக்கு மேல வட்டமா ஒரு மூடி இரிக்கே, அதுக்குள்ள சீலையில சுத்தி அமத்தி வச்சன். மகளுக்குச் சீதனம் குடுக்கிற நகை. வீட்டில இரிந்தா இந்த மனிசன் உரத்துக்கு அடகு வச்சிருவார். குருக்கள்மடத்துத் தங்கச்சிட்டக் குடுப்பம் எண்டு, அங்க போற அண்டைக்குத்தான் வச்சன். கார் அங்க போய்ச் சேரவேயில்ல. மறுகா இவர் கோவத்தில உங்களிட்ட இழுத்திட்டு வந்திட்டார்."

அந்த மூடிதான் எயார் கிளீனர், இஞ்சின் மூச்சு விடுகிற வழி. அதை அடைத்தால் எந்தக் கார்தான் புகைக்காது!

"அவரிட்டச் சொல்லியிரிக்கலாமே அக்கா!"

"சொன்னா நகை போயிரும். அவருக்குத் தெரியாம எடுத்துத் தாங்க தம்பி." கண் கலங்கியிருந்தது.

கொட்டிலுக்கு ஓடினேன். லோயராவது மண்ணாங்கட்டியாவது! மூடியைக் கழற்றினால், உள்ளே சீலைப் பொட்டலம் நசுங்கிக் கிடந்தது. அதை இடுப்பில் செருகிக்கொண்டு, வேறு பற்றரி போட்டு ஸ்டார்ட் பண்ணினேன். பிசிறில்லாமல் பிடித்தது. அப்பாடா! ஸ்டியரிங்கில் தலையை வைத்துத் தனியே சிரித்தேன்.

கோட்டு முற்றத்தில் பரிசோதகர் ஓட்டிப் பார்த்துவிட்டு இஞ்சினில் பிழையில்லை என்றார். வேளாண்மைக்காரர் குதித்தார். "களவாத் திருத்திப்போட்டான் ஐயா!"

நீதிபதி என்னைக் கூண்டில் ஏற்றிச் சத்தியம் வாங்கினார். "காரில் கை வைத்தீரா?"

என் லோயர் இல்லையென்று சொல்லும்படி தலையை ஆட்டினார். பின்வரிசை வாங்கில் உட்கார்ந்து அந்த அக்கா முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"வச்சன் ஐயா. காத்துப் போற வழியில சீல ஒண்டு அடைச்சிக் கிடந்திச்சு. எடுத்தன். வேற ஒண்டும் செய்யல்ல."

அது ஒன்றே போதும், கார் நின்றுவிடும் என்றார் பரிசோதகர். என் வாய் அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. "சுத்தப் பெட்ரோல் எண்டு சொல்லித்தான் வித்தன் ஐயா. அது பொய். ஒரு கிழம மண்ணெண்ணெய் ஊத்தினன்."

என் லோயர் நெற்றியில் கை வைத்தார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "இந்த ஊரில் மண்ணெண்ணெய் குடியாத கார் எது?" கோடே சிரித்தது. நெஞ்சிலிருந்த பாரம் இறங்கி, நானும் சிரித்தேன்.

"அதுக்குள்ள சீல எப்பிடிப் போனது?" என்று வேளாண்மைக்காரர் முனகினார்.

"எலி இழுத்திரிக்கும். வாங்க, கார எடுத்திட்டுப் போவம்" என்றார் மனைவி.

வேளாண்மைக்காரர் வழக்கை வாபஸ் வாங்கினார். முற்றத்தில் அவர் குனிந்து டயரைப் பார்த்த நேரத்தில் பொட்டலத்தை அக்காவின் பன் புல்லில் பின்னிய பைக்குள் போட்டேன். கார் புகையில்லாமல் போனது. போன உயிர் திரும்பி வந்ததுபோல வீட்டுக்கு நடந்தேன்.

மனைவியிடம் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். "புருசன் அடகு வச்சிருவான் எண்டு பயந்து இஞ்சினுக்குள்ள ஒளிச்சிரிக்கா, பாரன்!"

அவள் சிரிக்கவில்லை. "முதல் கார் வாங்க என்ர சோடிக் காப்பில ஒண்ட அடகுக்குக் கொண்டு போனீங்க. மத்தக் காப்ப அதுக்குப் புறகு கண்டீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். கண்டதில்லை. எங்கே என்று நான் கேட்கவில்லை.